மாலை போட்டதோடு முடிந்துவிடக் கூடாது: சென்னையில் முதன்முறை பிறந்தநாள் விழா எடுப்பவர்களுக்கு

ஜூலை 30 வந்தால், அடையாற்றில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நிற்கும் கார்களை வெளியே எடுத்துவிட்டு அறுபது நாற்காலி போடுகிறோம். அன்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்தநாள். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர் அவர். ஆனால் அவர் உருவாக்கிய அவ்வை இல்லமும் புற்றுநோய் மருத்துவமனையும் எங்கள் பகுதியில்தான் இருக்கின்றன. வேலைக்காகச் சென்னைக்குக் குடிவந்தவர்கள் சிலர் இந்த விழாவைப் பார்த்துவிட்டு, எங்கள் தெருவிலும் இப்படி ஒன்று செய்ய ஆசை, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் வருடம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வாசலில் பெரிய பிளெக்ஸ் கட்டினோம். சிறப்பு விருந்தினர் வந்துசேர ஒன்றேகால் மணி நேரம் தாமதம். ஏழு பேர் வாழ்த்துரை வழங்கினார்கள், ஏழு பேருக்கும் பொன்னாடை போர்த்தினோம். பெண்குலத்தின் விடிவெள்ளி என்றார் ஒருவர், சரித்திரம் போற்றும் சாதனையாளர் என்றார் இன்னொருவர். எல்லாம் முடிந்து சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தபோது, மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை என்னிடம் வந்து, “படத்தில் இருக்கிற பாட்டி என்ன செய்தார்கள்?” என்று கேட்டாள். இரண்டு மணி நேரக் கூட்டத்தில் அதை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வருடத்திலிருந்து எல்லாவற்றையும் மாற்றினோம். ஒரு மனிதர் என்ன செய்தார், எந்த இடத்தில் செய்தார், செய்யவிடாமல் தடுத்தது எது என்ற மூன்றும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குப் புரிய வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொன்றும் அதற்காகத்தான்.

யாரைக் கொண்டாடுவது?

உங்கள் தெருவிலிருந்து தொடங்குங்கள். சென்னையில் எந்தப் பேட்டையில் குடியிருந்தாலும், நடந்துபோகும் தூரத்தில் ஒரு பெரிய வாழ்க்கை நடந்திருக்கும். திருவல்லிக்கேணியில் இருந்தால் பாரதி. துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் அவர் கடைசியாக வாழ்ந்த வீடு இன்று நினைவு இல்லம். உ.வே. சாமிநாதையர் வாழ்ந்ததும் அதே திருவல்லிக்கேணிதான். இராயப்பேட்டையில் இருந்தால் அயோத்திதாசப் பண்டிதர். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழை அங்கிருந்துதான் தொடங்கினார். சிறுவயதில் கால் முடங்கிக் கிடந்த திரு.வி.க.வுக்குச் சித்த மருத்துவம் பார்த்தவரும் அவரே. பெரம்பூர், ஓட்டேரி, புளியந்தோப்புப் பக்கம் என்றால் பின்னி நெசவாலைத் தொழிலாளர்களின் கதை இருக்கிறது. 1918 ஏப்ரலில் அங்கே தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் நின்றார்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்குச் சிங்காரவேலர். இந்தியாவில் முதல் மே தினத்தை 1923இல் இந்த நகரத்தின் கடற்கரையில் கொண்டாடியவர். தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலையில் காமராசர் வாழ்ந்த வீடு இருக்கிறது. கணித மேதை ராமானுஜன் 1920இல் சேத்துப்பட்டில் காலமானார். அதற்கு முன்பு, 1912இல், சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக இருந்தார். மயிலாப்பூர்க்காரர்களுக்குப் பேயாழ்வார் வரை ஆள் உண்டு.

பக்கத்தில் வாழ்ந்தவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வந்து உட்காருகிறவர்கள் மறுநாள் காலையில் அந்த வழியாகத்தான் பால் வாங்கப் போவார்கள். அந்தக் கட்டடத்தைப் பார்க்கும்போது முந்தைய நாள் கேட்டது நினைவுக்கு வரும். டெல்லியிலோ லண்டனிலோ வாழ்ந்தவரைக் கொண்டாடினால் இது கிடைக்காது.

ஒரு வருடத்துக்கு ஒருவர் போதும். பத்துப் பேர் படத்தை வரிசையாக வைத்துப் பத்துக்கும் மாலை போடும் கூட்டங்களைப் பார்த்திருக்கிறேன். பத்துப் பேரில் ஒருவரைப் பற்றியும் மனதில் எதுவும் தங்காது.

தேதி

பிறந்தநாளுக்கும் நினைவு நாளுக்கும் சடங்கு வேறு. பிறந்தநாள் என்றால் விழா, இனிப்பு, பாட்டு. நினைவு நாள் என்றால் நினைவேந்தல். அழைப்பிதழில் ‘விழா’ என்று போடாதீர்கள், கேசரி கொடுக்காதீர்கள். புதிதாக ஏற்பாடு செய்கிறவர்கள் இதில் தடுமாறுவதுண்டு. பெரியவர்களுக்கு மனம் கஷ்டப்படும்.

தேதியைச் சரிபாருங்கள். பாரதியின் மறைவு நாளை அரசு செப்டம்பர் 11 என்று வைத்து மகாகவி நாளாகக் கடைப்பிடிக்கிறது. உயிர் பிரிந்தது அன்று நள்ளிரவு கடந்து என்பதால் 12 என்று எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டுக்கும் காரணம் இருக்கிறது என்று ஒரு வரி சொல்லிவிட்டால் கூட்டத்தில் சண்டை வராது. கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி 1904 பிப்ரவரி 29 அன்று பிறந்தவர். மூன்று வருடம் 28ஆம் தேதிதான். வள்ளுவருக்குப் பிறந்த தேதி கிடையாது. பொங்கலுக்கு மறுநாளான தை 2 அவருடைய நாள். ஆழ்வார்களுக்கு நட்சத்திரம்தான் கணக்கு. பேயாழ்வாருக்கு ஐப்பசி சதயம்.

வானத்தையும் பாருங்கள். டிசம்பர் 11 பாரதி பிறந்தநாள், வடகிழக்குப் பருவமழைக் காலம். திறந்த வெளியில் சாமியானா போட்டால் ஒரே மழையில் எல்லாம் போய்விடும். பிப்ரவரி 19 உ.வே.சா. பிறந்தநாள், சென்னையில் மாலை நேரம் இதமாக இருக்கும் மாதம் அது. ஏப்ரலில் வைத்தால் மாலை ஆறரைக்கு மேல் தொடங்குங்கள். உரிய தேதி வேலைநாளாக இருந்தால், அதை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுவதில் தவறே இல்லை.

படிப்பு

விழாவில் உழைப்பு மிகுதியாகத் தேவைப்படும் இடம் இதுதான். யாரும் எளிதாகத் தாண்டிப்போவதும் இதைத்தான்.

பாரதி எப்படி இறந்தார் என்று நாலு பேரைக் கேட்டுப் பாருங்கள். கோயில் யானை அடித்து இறந்தார் என்பார்கள். மேடையிலும் அப்படித்தான் பேசுகிறார்கள். 1921இல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியது உண்மை. காயம் பட்டது உண்மை. ஆனால் அவர் தேறினார். சுதேசமித்திரன் பத்திரிகை வேலைக்குப் போனார். ஈரோட்டுக்குப் பயணம் போய், கருங்கல்பாளையம் நூலகத்தில் ‘மனிதனுக்கு மரணமில்லை’ என்ற தலைப்பில் பேசினார். அதற்குப் பிறகு வந்த வயிற்றுக்கடுப்புதான் அவரைக் கொண்டுபோனது. அப்போது 39 வயதுகூட நிறையவில்லை. யானைக் கதையோடு நிறுத்திவிட்டால் அந்த ஈரோட்டுப் பேச்சு மறைந்துபோகிறது. சாவுக்குச் சில வாரங்களுக்கு முன், ஒரு சின்ன ஊர் நூலகத்தில், மரணமில்லை என்ற தலைப்பில் நின்று பேசிய மனிதர் அவர். இதைச் சொன்னால் கூட்டம் அசையாமல் கேட்கும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எனவே குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே இரண்டு பேரைப் படிப்பதற்கென்று ஒதுக்குங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு இதில் பெரிய கொடுப்பினை இருக்கிறது. எழும்பூரில் கன்னிமாரா நூலகம், 1896இலிருந்து இயங்குகிறது. நாட்டில் வெளியாகும் புத்தகங்களின் ஒரு பிரதி சட்டப்படி வந்துசேரும் நூலகங்களில் அதுவும் ஒன்று. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும்தான் அதன் அடித்தளம். பழைய இதழ், துண்டறிக்கை, விளம்பரம் வேண்டுமென்றால் அங்கே போங்கள். பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். வீட்டைவிட்டுக் கிளம்ப முடியாதவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம்.

வாட்ஸ்அப்பில் வரும் பொன்மொழிகளைத் தொடாதீர்கள். எந்த நூலில், எந்தப் பக்கத்தில் என்று காட்ட முடியாத ஒரு வரியும் பிளெக்ஸிலோ அழைப்பிதழிலோ ஏறக் கூடாது. சொல்லாத சொல்லை ஒருவர் வாயில் வைப்பது அவருக்கு மாலை போட்டுக்கொண்டே செய்யும் அவமரியாதை.

அச்சிடுவதிலும் ஒரு கவனம் வேண்டும். எழுதியவர் இறந்து 60 ஆண்டு கடந்திருந்தாலோ, படைப்புகளைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருந்தாலோ, நீங்கள் தாராளமாகத் தாளில் அடித்துக் கொடுக்கலாம். பாரதி எழுத்துகள் அப்படிப்பட்டவை. மற்றவர்களுடைய நூலிலிருந்து ஒரு பகுதியைப் பெயர் சொல்லிக் கூட்டத்தில் வாசிக்கலாம். பிரதி எடுத்து விநியோகிக்க வேண்டுமானால் பதிப்பாளரிடம் கேளுங்கள். இப்படிப்பட்ட காரியத்துக்கென்றால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள்.

எதிர்த்தவர்களையும் அழையுங்கள்

இரண்டாம் வருடம் முத்துலட்சுமி ரெட்டியைப் படிக்க உட்கார்ந்தபோது, ஆண்கள் மட்டுமே படித்த புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு சேர்ந்த பெண்ணைப் பார்த்தோம். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். 1927இல் சென்னைச் சட்டமன்றக் கவுன்சிலில் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் ஆனார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் தேவதாசி முறையை ஒழிக்க அங்கே போராடினார். சட்டம் 1947இல்தான் வந்தது. தேவதாசிக் குடும்பங்களிலிருந்து வெளியேறி வந்த சிறுமிகளுக்கு விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டபோது தன் வீட்டிலேயே தங்கவைத்தார். அவ்வை இல்லம் அப்படிப் பிறந்தது. அவருடைய தாயும் தேவதாசி மரபோடு தொடர்புடைய இசைவேளாளர் குலத்தவர்தான். தங்கை புற்றுநோயில் இறந்ததைப் பார்த்தவர், முப்பது வருடம் கழித்து, 1954இல், பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாற்றில் ஒரு மருத்துவமனையைத் திறக்கவைத்தார்.

படிக்கப் படிக்க இன்னொரு பெயரும் வந்தது: பெங்களூர் நாகரத்தினம்மாள். இந்தச் சென்னையில் வாழ்ந்து கோலோச்சிய பாடகி. திருவையாற்றில் தியாகராஜர் சமாதியில் கோயில் எழும்பியது அவருடைய சொத்தில்தான். முத்துப்பழனி என்ற பெண் கவிஞர் தெலுங்கில் எழுதிய ‘ராதிகா சாந்த்வனம்’ காவியத்தை 1910இல் பதிப்பித்து, அதற்காக வழக்கையும் தடையையும் சந்தித்தவர். முத்துலட்சுமி ரெட்டியின் தேவதாசி ஒழிப்பு முயற்சியை எதிர்த்து மனுக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். எங்கள் கலையையும் சொத்துரிமையையும் இது பறிக்கிறது என்பது அந்தப் பெண்களின் வாதம்.

இதைக் கூட்டத்தில் சொல்லலாமா என்று எங்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. பிறந்தநாள் அன்று எதற்கு எதிர்ப்புப் பேச்சு என்றார் ஒருவர். கடைசியில் சொன்னோம். நாகரத்தினம்மாளின் படத்தையும் பக்கத்தில் வைத்தோம். எங்கள் குடியிருப்பில் இருக்கும் கல்லூரி மாணவி ஒருவர் முத்துலட்சுமி ரெட்டியின் பக்கத்தைப் பேசினார். இசை கற்றுக்கொடுக்கும் ஓர் அம்மா நாகரத்தினம்மாளின் பக்கத்தைப் பேசினார். அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. கூட்டம் முடிந்து படிக்கட்டில் நின்று ஒன்பதரை வரை வாதாடினார்கள். முத்துலட்சுமி ரெட்டி அன்று ஒரு அங்குலம்கூடக் குறைந்துவிடவில்லை. எவ்வளவு பெரிய ஆட்களை எதிர்கொண்டு நின்றார் என்பது எல்லோருக்கும் விளங்கியது.

உங்கள் ஆளை எதிர்த்தவர் யார், அவர் சொன்னது என்ன என்று தேடிப் பிடியுங்கள். எதிர்ப்பே இல்லாத வாழ்க்கை என்று தோன்றினால் நீங்கள் இன்னும் சரியாகப் படிக்கவில்லை.

இடம், அனுமதி, மைக்

குடியிருப்புச் சங்க அறை, கார் நிறுத்தம், பள்ளிக்கூட வகுப்பறை என்று தொடங்குவது நல்லது. உங்கள் பகுதியின் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் இருந்தால் அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. நூலகரிடம் நேரில் போய்க் கேளுங்கள். நாற்காலியும் மின்விசிறியும் இருக்கும், புத்தகங்களை மேசையில் பரப்பியும் வைக்கலாம்.

தெருவில் பந்தல் போடுவதாக இருந்தால் காவல் நிலையத்திலும் மாநகராட்சியிலும் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். மைக் செட்டுக்கும் காவல் நிலைய அனுமதி தேவை. கூம்பு வடிவக் குழாய் ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறது, பெட்டி ஸ்பீக்கர்தான். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி நூறு மீட்டர் அமைதிப் பகுதி. அறுபது பேருக்கு உண்மையில் மைக்கே தேவையில்லை. வயதானவர்களுக்குக் கேட்பதற்காகச் சிறிய ஸ்பீக்கர் ஒன்று வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

பிளெக்ஸ் பேனரைச் சாலையில் வைக்கவே வைக்காதீர்கள். 2019இல் பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்திருந்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் வந்த இளம் பெண் பொறியாளர் ஒருவர் உயிரிழந்தார். ஒரு நல்ல வாழ்க்கையைக் கொண்டாடப்போய் இன்னொரு உயிருக்கு ஆபத்து வைக்க நமக்கு உரிமை இல்லை. லிஃப்ட் கதவில் ஒட்டும் ஒரு ஏ4 தாள், குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு, பக்கத்து டீக்கடைச் சுவர் ஆகியவை போதும்.

படமும் மாலையும்

ஸ்டூடியோவில் சட்டம் போட்ட ஒரு படம் வாங்கினால் வருடக்கணக்கில் வரும். இணையத்தில் முதலில் கிடைக்கும் படத்தை எடுக்காதீர்கள். வேறு ஆளின் படத்துக்கு மாலை போட்டு வணங்கிய கூட்டங்கள் உண்டு. நூலின் அட்டையையோ நினைவு இல்லத்தில் இருக்கும் படத்தையோ ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாலை வாங்கக் கோயம்பேடு பூ மார்க்கெட் வரை போக வேண்டியதில்லை. தெருமுனைப் பூக்காரம்மாவிடம் முந்தைய நாளே சொல்லுங்கள். சொல்லும்போது படத்தின் அளவைக் கையால் காட்டாதீர்கள். ஒரு நூலை எடுத்துச் சட்டத்தின் மேல் விளிம்பில் ஒரு முனையிலிருந்து, கீழே மார்பளவு தொங்கி, மறு முனைக்கு வரும்படி அளந்து, அந்த நூலையே கொடுத்துவிடுங்கள். எங்கள் பூக்காரம்மா அந்த நூலைத் தன் வலது கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, சம்பங்கியை இரண்டிரண்டாக வைத்துக் கட்டுவார். நடுவில் ஒரே ஒரு ரோஜாக் குஞ்சம். கனமான ரோஜா மாலை படத்தின் முகத்தை மறைக்கும். யாரைக் கொண்டாட வந்தோமோ அவர் முகம் தெரிய வேண்டும்.

பொட்டு வைப்பது, விளக்கேற்றுவது, கற்பூரம் காட்டுவது எல்லாம் அந்த மனிதர் யார் என்பதைப் பொறுத்தது. பெரியார் படத்துக்குக் குங்குமம் வைத்தால் அவர் வாழ்நாள் முழுதும் பேசியதற்கு நேர் எதிர். அம்பேத்கருக்கு, அயோத்திதாசருக்கு விழா என்றால் அவர்கள் பௌத்தத்தைத் தேர்ந்துகொண்டவர்கள் என்பதை மறக்காதீர்கள். மலர் தூவி ஒரு நிமிடம் எழுந்து நிற்பது எல்லோருக்கும் பொருந்தும்.

நிகழ்ச்சி நிரல்

ஒன்றரை மணி நேரம். அதற்கு மேல் ஒரு நிமிடமும் வேண்டாம். குறித்த நேரத்துக்குத் தொடங்குங்கள், யார் வந்தாலும் வராவிட்டாலும்.

தமிழ்த்தாய் வாழ்த்து முதலில். மாநிலப் பாடலான அதை 55 விநாடியில் பாட வேண்டும், மாற்றுத்திறனாளிகள் தவிர அனைவரும் எழுந்து நிற்க வேண்டும் என்பது 2021இலிருந்து அரசு ஆணை. ஒலிப்பதிவைப் போடாதீர்கள்; இரண்டு குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பாடவையுங்கள். பிறகு படத்திறப்பு. எங்கள் வழக்கம், கூட்டத்தில் வயதில் மூத்தவரும் இளையவரும் சேர்ந்து திரையை விலக்குவது.

வரவேற்புரை இரண்டு நிமிடம். அதற்குப் பிறகு வாழ்க்கைக் குறிப்பு, பத்து நிமிடம், ஒருவரே. அவர் அடைமொழி எதுவும் பயன்படுத்தக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தேதி, இடம், செயல் இவை மட்டும். அடுத்து, அந்த மனிதரே எழுதியதிலிருந்து ஒரு பகுதியை வாசிப்பது. நன்றாக வாசிப்பவரைத் தேடிப் பிடியுங்கள், குரல் முக்கியம். வாசிப்பு முடிந்ததும் யாரும் விளக்கவுரை சொல்ல வேண்டாம். கொஞ்சம் மௌனம் இருக்கட்டும்.

குழந்தைகளுக்கு மாறுவேடப் போட்டி வைப்பதைவிடக் கையால் செய்ய ஏதாவது கொடுங்கள். டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்தநாளுக்கு இது: ஒரு தாளில் நாலுக்கு நாலு கட்டம் போட்டு, முதல் வரிசையில் அவர் பிறந்த தேதியான 22, 12, 18, 87 எழுதச் சொல்லுங்கள். இரண்டாம் வரிசை 88, 17, 9, 25. மூன்றாவது 10, 24, 89, 16. நான்காவது 19, 86, 23, 11. எப்படிக் கூட்டினாலும், குறுக்காகவோ நெடுக்காகவோ மூலைக்கு மூலையாகவோ, 139 வரும். பிறகு நடு நான்கு கட்டங்களைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் 139. அந்த நேரத்தில் குழந்தைகள் போடும் சத்தத்துக்கு ஈடாக எந்தச் சிறப்புரையும் இல்லை.

சிறப்பு விருந்தினர் கட்டாயமில்லை. அழைத்தால் ஒருவர், இருபது நிமிடம். தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை என்று பெயர்களை அடுக்கினால் பட்டியலில் வராதவர்களுக்கு வருத்தம், வந்தவர்களுக்கு நேரம் போதாமை. பொன்னாடைக்குப் பதில் ஒரு கைத்தறித் துண்டோ ஒரு புத்தகமோ கொடுங்கள்.

அதற்குப் பதிலாக ‘எனக்குத் தெரிந்தது’ என்று கால் மணி நேரம் ஒதுக்குங்கள். மைக்கைக் கூட்டத்திடம் கொடுத்துவிடுங்கள். மூன்று வருடத்துக்கு முன், எங்கள் இரண்டாம் மாடியில் இருக்கும் ஒரு பாட்டி எழுந்தார். சங்கக் கூட்டத்தில்கூட ஒரு வார்த்தை பேசாதவர். கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே, மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டிய ஒரு பழைய மருத்துவமனைச் சீட்டு. மை ஊதா நிறத்தில் மங்கியிருந்தது. தன் அக்காவைச் சிறுவயதில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சேர்த்திருந்ததாகவும், அக்கா அதற்குப் பிறகு பல வருடம் வாழ்ந்து மூன்று பிள்ளைகளை வளர்த்ததாகவும் சொன்னார். அந்தச் சீட்டைப் படத்தின் முன்னால் வைத்தார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்ப எடுத்து உறையில் போட்டுக்கொண்டார். அந்த வருடம் வேறு எவர் பேசியதும் எனக்கு நினைவில்லை.

இப்படி ஒருவர் உங்கள் தெருவிலும் இருப்பார். விழாவுக்கு முந்தைய வாரம் வீடு வீடாகப் போய் அழைக்கும்போது பெரியவர்களிடம் கொஞ்சம் உட்கார்ந்து பேசுங்கள். அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பினால் அவர்கள் கிடைக்க மாட்டார்கள்.

நடந்துபோவது

கூட்டம் நடத்த ஆள் சேரவில்லை என்றால் ஒரு காலை நடை போதும். ஐந்து பேர் இருந்தாலும் சிறப்பாக இருக்கும். திருவல்லிக்கேணியில் காலை ஆறரைக்குத் தொடங்குங்கள். பாரதி வீட்டு வாசல், பார்த்தசாரதி கோயில் தெருக்கள், அங்கிருந்து கடற்கரை. 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்த சிலைகள் வரிசையாக நிற்கும்: ஔவையார், வள்ளுவர், கம்பர், பாரதி, பாரதிதாசன், போப், கால்டுவெல், வீரமாமுனிவர். உழைப்பாளர் சிலை 1959இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. மாநிலக் கல்லூரி முன்னால் உ.வே.சா. கடலைப் பார்த்து நிற்கிறார். 1903இல் கும்பகோணத்திலிருந்து மாற்றலாகி வந்து அவர் தமிழ் கற்பித்த கல்லூரி அது. 1906இல் அவருக்கு மகாமகோபாத்தியாயர் பட்டம் கிடைத்தபோது வாழ்த்துக் கவிதை எழுதியவர் பாரதி. அந்தக் கவிதையை அந்தச் சிலை முன்னால் நின்று வாசியுங்கள்.

சிலைகளின் மேல் ஏறாதீர்கள், மாலை போட ஏணி கொண்டுபோகாதீர்கள். பிறந்தநாள் காலையில் அரசு சார்பில் மரியாதை செலுத்த வருவார்கள், போலீஸ் நிற்கும். முந்தைய ஞாயிறு போவது எளிது. நினைவு இல்லங்கள் திறக்கும் நேரத்தை முதல் வாரமே நேரில் போய் விசாரித்து வையுங்கள். பூட்டிய கதவின் முன்னால் பத்துப் பேரை நிறுத்துவது சங்கடம்.

கிண்டி காந்தி மண்டப வளாகமும் குடும்பத்தோடு போக நல்ல இடம். காந்தி, ராஜாஜி, காமராசர், பக்தவத்சலம், இரட்டைமலை சீனிவாசன், அயோத்திதாசர் எல்லோருக்கும் ஒரே வளாகத்தில் நினைவிடம் இருக்கிறது. அங்கே போனாலும் ஒருவர் முன்னால் மட்டும் உட்கார்ந்து பேசுங்கள். மற்றவர்களுக்கு இன்னொரு ஞாயிறு வரும்.

பணம், சுண்டல், மறுநாள்

வீட்டுக்கு ஒரு சிறு தொகை, எல்லோரிடமும் ஒரே அளவு, வசூலித்தவுடன் ரசீது, முடிந்த மறுநாள் வரவுசெலவுக் கணக்கு அறிவிப்புப் பலகையில். ஒருவரிடம் பெரிய தொகையாக வாங்கினால் அடுத்த வருடம் அவர் பெயர் அந்தப் பெரியவர் பெயரைவிடப் பெரிதாக அச்சாக வேண்டியிருக்கும்.

அறுபது பேருக்கு இரண்டரைக் கிலோ கொண்டைக்கடலை. முந்தைய இரவே ஊறவையுங்கள். காலையில் நினைவுக்கு வந்தால் அன்று சுண்டல் இல்லை. தேங்காயும் மாங்காயும் கடைசி நேரத்தில் சேர்த்தால் போதும். பாக்குமட்டைத் தொன்னை. டீக்கு முனைக் கடைக்காரரிடம் ஃபிளாஸ்க்கோடு சொல்லிவிடுங்கள், அவரையும் வந்து உட்காரச் சொல்லுங்கள். காவலாளி, வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்கள், குப்பை வண்டிக்காரர் எல்லோருக்கும் அழைப்பு உண்டு. அவர்களுக்கு நாற்காலியும் உண்டு.

மாலையை அன்று இரவே கழற்றிவிடுங்கள். ஈரப் பூ சட்டத்தின் மரத்தில் கறை பிடிக்கும், கண்ணாடிக்குள் பூஞ்சை ஏறும். காய்ந்த துணியால் துடைத்து, பழைய பருத்திப் புடவைத் துணியில் சுற்றுங்கள். எங்கள் குடியிருப்பில் படம் ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு வீட்டில் இருக்கும், அடுத்த ஜூலை வரை. இந்த வருடம் அது இரண்டாம் மாடியில், அந்தப் பாட்டி வீட்டில் இருக்கிறது. பூஜை அறைக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார். கீழே ஓர் ஆணியில் அந்தப் பிளாஸ்டிக் உறை தொங்குகிறது.